பன்னிரண்டாம் கட்டிலில் எனக்கு நடந்த பிரசவம்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியின் அந்த வருட ஆண்டறிக்கையில் 'நோயாளிகளின் அனுபவங்கள்' என்ற தலைப்பின் கீழ் பதினோரு பாராட்டுக் கடிதங்கள் இருந்தன. பதினொன்றையும் எழுதியவன் நான். அந்தக் கடிதங்களை நம்பினால், ஒரே வருடத்தில் எனக்கு இரண்டு முறை குடல்வால் எடுத்திருக்கிறார்கள், ஒரு முறை நாய் கடித்திருக்கிறது, மூன்று முறை பிரசவம் ஆகியிருக்கிறது. அதில் ஒன்று இரட்டைக் குழந்தை. தாயும் சேய்களும் நலம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. திண்டுக்கல்லில் ஒரு பொது அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் குமாஸ்தா. காலையில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுத வேண்டும், மத்தியானத்துக்கு மேல் ஆபீஸ் வேலை. கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால் ஆண்டறிக்கை எழுதும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள். நடந்ததை நடந்தபடி எழுதத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. நான் படித்த வரலாறு முழுக்க ராஜாக்கள் தங்களைத் தாங்களே புகழ்ந்து கல்லில் வெட்டிக்கொண்டது. அது அவர்களுக்குத் தெரியாது.

அதுவரைக்கும் அறிக்கை என்றால் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ஆபரேஷன், எத்தனை பிரசவம், அவ்வளவுதான். அந்த வருடம் செயலாளருக்குப் புது யோசனை வந்தது. அவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி நடத்தியவர். அழுகலை மேலே பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், என்னைத் தவிர.

"மதுரையில ஒரு ஆஸ்பத்திரி வாசல்லயே பெட்டி வச்சிருக்கான்டா அப்பு. நோயாளி மனசுல உள்ளதை எழுதிப் போட்டுட்டுப் போறான். நம்மளும் வைப்போம். அதுல வாரதைப் பாத்துத்தான் எந்த வார்டுக்கு என்ன செய்யிறதுன்னு இனிமே கமிட்டி முடிவு பண்ணும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கவனிக்கவில்லை. கவனித்தவர் பிரசவ வார்டு சிஸ்டர்.

சிஸ்டருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பத்துக் கட்டில் வார்டு, அதை ஒட்டிப் பிரசவ அறை. பகல் முழுக்க இரண்டுக்கும் அவர் ஒருவர்தான். இங்கே ஒருத்தி கூப்பிட்டால் அங்கே ஒருத்தி கத்துவாள். ஓடி ஓடி இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது. அதன்மேல் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு வருவார். இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று வருடா வருடம் எழுதிக் கொடுப்பார். கமிட்டி வருடா வருடம் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதும்.

பெட்டி விஷயம் காதில் விழுந்ததும் என் கவுன்டருக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பெட்டியில வாரதை ஒழுங்கா அறிக்கையில போடுங்க. இந்த வருசமும் ரெண்டாவது ஆளு வரலேன்னா நான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு அக்கா வீட்டோட போயி உக்காந்துருவேன். இந்தக் காலு இனிமே தாங்காது."

"கவலைய விடுங்க சிஸ்டர். பிரமாதமா எழுதிப்புடுறேன்" என்றேன்.

பிரமாதமாகத்தான் எழுதினேன்.

பெட்டி செய்ய நாகல் நகரில் ஓர் ஆசாரியைப் பிடித்தேன். அவர் ஆயுள் முழுக்கக் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் உண்டியல் செய்தவர். கை வேறு எதற்கும் வளையாது. தடித்த பலகை, மேலே பித்தளை வாய், முன்னால் கொண்டி. பூட்டுக் கடையில் சாதாரணப் பூட்டுதான் கேட்டேன். எங்கள் ஊர்க் கடைக்காரர்களுக்குச் சாதாரணம் என்றால் என்னவென்று தெரியாது. தேங்காய் அளவுக்கு ஒன்று கொடுத்தார்.

பெட்டி எங்கே நின்றால் எல்லார் கண்ணிலும் படும் என்று நானே யோசித்து ஒரு இடம் பார்த்தேன். எங்கள் அறக்கட்டளை எல்லாருக்கும் பொது என்பதால் ஆஸ்பத்திரி வாசலில் இடது பக்கம் ஒரு பிள்ளையார், வலது பக்கம் மாதா சிலை வைத்த சின்னக் கெபி. வருகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரு நிமிஷம் நிற்பார்கள். சரியாக இரண்டுக்கும் நடுவில் பெட்டியை வைத்தேன். 'ஆலோசனைப் பெட்டி' என்று எழுதி ஒட்டிய காகிதம் முதல் மழையில் கரைந்து போனது.

முதல் சனிக்கிழமை திறந்து பார்த்தேன். கற்பூரம், மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை, தகரத்தில் செய்த குட்டித் தொட்டில் ஒன்று, ஒரு கைப்பிடி விபூதி. பழனிக்குப் பாதயாத்திரை போன கூட்டம் ஒன்று வழியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போயிருந்தது. அடியில் மடித்த சீட்டுகள் கிடந்தன. ஆவலோடு பிரித்தேன். 'அன்புள்ள மாதாவே' என்று ஆரம்பித்தது. அடுத்தது 'பிள்ளையாரப்பா'. மூன்றாவது ஆள் யாரையும் விட்டுவைக்காமல் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். ஆஸ்பத்திரி நிர்வாகத்தை விளித்து ஒரு வரி கிடையாது.

அதற்குமேல் நான் படிக்கவில்லை. அடுத்தவர் சாமியோடு பேசுவதை ஒட்டுக்கேட்பது போல இருந்தது. குப்பையில் போடவும் பயம், எரிக்கவும் பயம். பஞ்சுச் சாக்கு ஒன்றில் போட்டு மேஜைக்கு அடியில் தள்ளினேன். பெட்டியை இடம் மாற்றியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அது தோன்றிய நாளில் யாரோ பெட்டிக்கு மாலை போட்டிருந்தார்கள்.

இப்படியே வருடம் முடிந்தது. சாக்கு நிறைந்துவிட்டது, அறிக்கையில் 'அனுபவங்கள்' பக்கம் காலி. செயலாளர் தினமும் கேட்க ஆரம்பித்தார். இரண்டு மத்தியானம் உட்கார்ந்து பதினோரு கடிதம் எழுதினேன். விவசாயி எழுதியது போல் தெரிய இடது கையால் எழுதினேன். வாத்தியார் கடிதத்துக்குப் பச்சை மசி. பிரசவ வார்டுக்கு மட்டும் தனிக் கவனம். சிஸ்டருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே! 'பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்த நான் கூப்பிட்ட குரலுக்கு அந்தத் தேவதை ஓடோடி வந்தார். ஒருவரே பத்துப் பேர் வேலையைப் புன்னகையோடு பார்க்கிறார்' என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து ஆனந்தக் கண்ணீர்க் கறையும் உண்டாக்கினேன்.

நிர்வாகக் குழு கூடிய நாளில் செயலாளரே அதை வாசித்தார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கூப்ட்ட குரலுக்கு ஓடி வாராங்க. ஒரே ஆளு பத்து ஆளு வேலை பாக்குறாங்க. அப்புறம் எதுக்கு ரெண்டாவது ஆளு?"

மினிட்ஸ் புத்தகத்தில் 'தேவை எழவில்லை' என்று எழுதினார்கள். எழுதியது யார்? குமாஸ்தா நான்தான்.

மறுநாள் காலை கவுன்டர் ஜன்னலில் சிஸ்டர் முகம் தெரிந்தது. கையில் அறிக்கையின் நகல்.

"தம்பி, பன்னெண்டாம் நம்பர் கட்டில்ல பிரசவமாமே?"

"ஆமா சிஸ்டர். நல்லா எழுதியிருக்காங்கல்ல?"

"என் வார்டுல பத்துக் கட்டில்தான இருக்கு. மிச்சம் ரெண்டு எங்க கெடக்கு? உங்க வீட்லயா?"

நான் பேனாவைத் திறந்து மூடினேன்.

"ரெட்டைப் பிள்ளையாம்ல. ஆணா பொண்ணா? பேரு வச்சாச்சா?"

"சிஸ்டர், உங்களுக்கு நல்லது பண்ணணும்னுதான்…"

"நல்லா பண்ணுனீங்க. என்னையத் தேவதையாக்கிப்புட்டீக. தேவதைக்குக் காலு வலிக்குமா? அதான் ஆளு வேணாம்னுட்டாக." குரலை உயர்த்தவேயில்லை. "அறிக்கை இன்னும் அச்சுக்குப் போகலை. பொதுக்குழு அடுத்த மாசம். அதுவரைக்கும் இருப்பேன். நீங்களே எழுதுனீங்க, நீங்களே அழிங்க."

நொண்டிக்கொண்டே போனார். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் என்னிடம் மெதுவாக, "உங்களுக்கா தம்பி ரெட்டைப் பிள்ளை?" என்று கேட்டார். ஊருக்குத் தெரிய அதிக நேரம் ஆகவில்லை.

உண்மையான குறைகளைச் சேகரிக்க நோட்டுப் புத்தகத்தோடு வார்டில் இறங்கினேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து மருமகளோடு வந்திருந்த அம்மா ஒருவர், என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, குறையா? ஒண்ணுமே இல்லீங்க. தங்கமாப் பாத்துக்கிறாங்க."

"பயப்படாமச் சொல்லுங்கம்மா. சிஸ்டர் ஒரே ஆளா இருக்கிறதுல சிரமம் ஏதும்…"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு மருமவளுக்குத் தையல் பிரிக்கோணுமுங்க. இப்பப் போயிக் குறை சொல்ல முடியுங்களா?"

வீட்டுக்குப் போனவர்களைத் தேடி வேடசந்தூர் வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண், "அடுத்த பிள்ளைக்கும் அங்கதான வரணும்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். மூன்று வாரம் அலைந்து நோட்டில் ஏறியது இரண்டே குறை. ஒன்று, கேன்டீன் சட்னி. இன்னொன்றும் கேன்டீன் சட்னி.

பொதுக்குழுவுக்கு முந்தைய நாள் மத்தியானம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். காலை நீட்டியபோது சாக்கில் இடித்தது. இவ்வளவு பேர் எழுதி இவ்வளவு சீட்டு வந்திருக்கிறதே, அதில் என்னதான் கேட்டிருப்பார்கள்? ஒரு பக்கம் பார்த்து மாதாவிடமும் மறுபக்கம் பார்த்துப் பிள்ளையாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒன்றைப் பிரித்தேன்.

'பிள்ளையாரப்பா, இங்கே ஒரே சிஸ்டர்தான். எனக்கும் பக்கத்துக் கட்டில்காரிக்கும் ஒரே நேரத்தில் வலி வராமல் பார்த்துக்கொள். அவளுக்கு முதலில் வந்தாலும் பரவாயில்லை.'

அடுத்தது: 'மாதாவே, நான் கூப்பிடும்போது சிஸ்டர் அந்த அறையில் இல்லாமல் இந்த அறையில் இருக்க வேண்டும்.'

இன்னொன்று, பென்சிலில்: 'அந்த சிஸ்டருக்குக் கால் சரியாகணும். அது நடந்து வாரதுக்குள்ள எனக்குப் பிறந்துருச்சு. என் மாமியார்தான் பிடிச்சது.'

சிரித்துக்கொண்டே படித்தவன் அதோடு சிரிப்பை நிறுத்திவிட்டேன். மனிதர்களிடம் சொல்லப் பயந்ததையெல்லாம் வருடம் முழுக்கச் சாமியிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு பொய் எழுதியிருக்கிறேன்.

சாக்கில் என்னைப் பற்றியும் ஒன்று கிடந்தது. 'சீட்டு எழுதுகிற கண்ணாடிக்காரருக்கு நல்ல புத்தி கொடும் மாதாவே. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு என்று கதை கேட்கிறார். நாங்கள் வலியோடு நிற்கிறோம்.' அதை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மற்றதோடு சேர்த்தேன். பொய் எழுதியவன் ஒளிக்கவும் செய்தால் அப்புறம் ராஜாக்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பொதுக்குழுவில் எழுந்து நின்று, பதினோரு நோயாளிகளும் நானே என்றேன். செயலாளர் என்னை அழுகல் தக்காளியைப் பார்ப்பது போல் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெயர் ஊர் எதையும் சொல்லாமல் சீட்டுகளை வாசிக்க ஆரம்பித்தேன். மாமியார் பிடித்த பிரசவம் வந்தபோது ஒருவரும் அசையவில்லை. கண்ணாடிக்காரர் வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். வாசித்தவன் கண்ணாடி போட்டிருந்தான்.

"நிறுத்துப்பு" என்றார் செயலாளர். "இது சாமிக்கு எழுதுனது. நமக்கு எழுதலையே. நாம எப்படி இதை எடுத்துப் பேசுறது?"

உறுப்பினர்களில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுந்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். "மாதாகிட்ட கேட்டது நம்ம காதுல விழுந்துருச்சுங்களே ஐயா. கேட்ட பிறகும் இல்லேன்னா…" என்று இழுத்து, வாசல் பக்கம் பார்த்தார்.

செயலாளரும் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பிள்ளையாரின் முதுகு தெரிந்தது.

"ரெண்டு பேருகிட்டயுமா கேட்டுருக்காக?"

"ரெண்டு பேருகிட்டயும்தான் ஐயா. சிலது சேத்தே கேட்டுருக்கு."

அவருக்கு மறுநாள் கேரளாவுக்கு நாலு லாரி கிளம்ப வேண்டியிருந்தது. பிள்ளையாரைப் பகைத்துக்கொண்டு லாரி அனுப்ப அவருக்குத் தெம்பில்லை. செத்த நேரம் மோவாயைச் சொறிந்தார். "போடு. ரெண்டாவது ஆளைப் போடு. இவன் எழுதுன கடுதாசி பதினொண்ணையும் எடு. சீட்டுல இருந்து பத்துப் பதினஞ்சை அப்படியே போட்டு அச்சுக்குக் குடு." என்னைப் பார்த்து, "அந்தக் கண்ணாடிக்காரன் சீட்டு முதல்ல வரணும்" என்றார். வேலையை விட்டு நீக்காமல் விட்டதற்கு அது தண்டனை. அறிக்கை அப்படியே வெளிவந்தது. என் வீட்டில் இன்றும் ஒரு பிரதி இருக்கிறது, விருந்தாளிகளுக்குக் காட்டுவதில்லை.

புது நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் கழித்துப் பிரசவ வார்டுப் பக்கம் போனேன். ஒரு நன்றியாவது வாங்கிக்கொண்டு வரலாம் என்ற ஆசை. புது ஆள் உள்ளே பிரசவ அறையில். வார்டில் பத்துக் கட்டிலும் நிறைந்து, நடையில் இரண்டு பெண்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். இப்போது இரண்டு சிஸ்டர் இருக்கிறார்கள் என்ற பேச்சு அதற்குள் வேடசந்தூர் தாண்டிப் போயிருந்தது. சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து துணிக்கட்டைப் பிரித்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எப்படி சிஸ்டர்? சொன்னபடியே அழிச்சுட்டேன்ல? ரெண்டாவது ஆளும் வந்தாச்சு. இனிமே உங்களுக்கு ஓட்டமே இல்ல, ஒக்காந்துக்கிட்டே வேலை பாக்கலாம். இந்த வருச அறிக்கைக்கு என்னையப் பத்தி நல்லதா ரெண்டு வரி சொன்னீங்கன்னா…"

சிஸ்டர் கட்டின் நுனியைச் செருகிவிட்டு, நடையில் இருந்த பெஞ்சைப் பார்த்தபடி எழுந்தார்.

"மூணாவது ஆளுக்கு எழுதுங்க."