பெரியதைத் தேர்ந்தெடுத்தேன்

என் அண்ணன் கண்டியில் ஓர் இசைக்குழு நடத்துகிறார். கல்யாண வீடுகள், கோயில் திருவிழாக்கள் என்று புசல்லாவை வரைக்கும் கூப்பிடுவார்கள். பதினேழு வயதிலிருந்து அந்தக் குழுவில் கீபோர்ட் வாசித்தவள் நான். கலஹாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சராக வேலை கிடைத்த பிறகும் சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி அண்ணன் வீட்டு மேல்மாடிக்கு ஒத்திகைக்குப் போய்விடுவேன்.

பழைய கீபோர்டில் கட்டைகள் ஒவ்வொன்றாக ஊமையானபோது, எஃப்.எம். சின்தசைசர்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்த எஃப்.எம்.முக்கும் வானொலிக்கும் சம்பந்தமில்லை. ஓர் ஒலியலையை இன்னொன்றால் அசைத்துப் புதிய ஓசை ஒன்றை உண்டாக்கும் பழைய முறை அது. மணி, கண்ணாடி, வெண்கலம் மாதிரியான சத்தங்கள் அதில் வருவது போல வேறெதிலும் வராது. புதிதாக இங்கே யாரும் விற்பதில்லை. தேடியதில் இரண்டு அகப்பட்டன. அண்ணனும் நானும் வேனில் போய்ப் பார்த்தோம்.

சிறியது கட்டுகஸ்தோட்டையில், ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் திருத்தும் ஒருவரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். அந்தக் கீபோர்ட் நாலு ஒலியலைகள் மட்டுமே கொண்டது. மென்மையாக வாசித்தால் பின்னால் லேசான இரைச்சல் கேட்டது. அழுத்தி அடித்தால் சத்தம் கரகரவென்று எழுந்து நெஞ்சில் இடித்தது. எனக்கு அது பிடித்துப்போனது.

"சின்னனெண்டு பாக்காதேங்கோ தங்கச்சி. ஒரு ஆள் கையில தூக்கிக்கொண்டு போகலாம்" என்றார் அவர்.

"மேடையில வச்சா விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்" என்று அண்ணன் என் காதருகே சொன்னார்.

பெரியது திகனயில் ஒரு துணிக்கடை முதலாளியின் வீட்டில் இருந்தது. இளவயதில் ஹோட்டல்களில் வாசித்தவராம். உள்ளே போனதும் கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க மகள், ஆறுதலா வாசிச்சிப் பாருங்க" என்றார். ஆறு அலைகள். இரும்புப் பெட்டி போலக் கனம். கட்டைகள் விரலுக்கு அடங்கி இறங்கின. சத்தம் சுத்தமாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே சுத்தம். ஆனால் உள்ளே போய்த் தேடினால் ஆறு அலைகளை வைத்து எத்தனையோ செய்யலாம் என்று எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது வேனில் நான் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். சிறியதன் கரகரப்பு காதை விட்டுப் போகவில்லை. "பெருசு நல்லதுதான், ஆனா கனம் கூட அண்ணே" என்றேன்.

"தூக்குறது எங்க வேலை. நீ வாசி, அது போதும். வீட்டு மாடியிலேயே இருக்கட்டும்."

அந்த வார்த்தைதான் என்னைச் சாய்த்தது. பெரியதை வாங்கினேன். என் சம்பளத்தில் வாங்கியது நான்தான், அண்ணன் அல்ல.

அதற்குப் பிறகு அந்த மாடியே கதியென்று கிடந்தேன். தயாராக இருந்த சத்தங்களை எல்லாம் தள்ளிவிட்டு என்னுடையதைச் செய்தேன். அலையின் அளவில் ஓர் எண்ணைக் கூட்டினால் மணி உடைந்த தகரமாகும், குறைத்தால் செத்துப்போகும். கோயில் மணி தூரத்திலிருந்து மழைக்குள் கேட்பது போன்ற ஒன்று வந்த நாளில், அதை ஒரு நம்பரில் பதிந்துவைத்து, அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "இது நம்ம குழுவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

ஒரு வருடம் அதிலேதான் வாசித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனபோது என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கண்டியில் ஏதோ பெரிய குழுவிலிருந்து வந்தவர். அண்ணன் என்னைப் படிக்கட்டிலேயே நிறுத்தினார்.

"உனக்கு ஸ்கூல் வேலையும் இருக்கு. அம்மா அப்பா மாப்பிள்ளை பாக்குறாங்க. மேடையில வாசிக்கிற பொண்ணுன்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பேசினது யாரு?"

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி. அப்போ என் கீபோர்டைக் குடுங்க."

"அந்தக் கனத்த நீ எப்படி பஸ்ல கொண்டு போவ?" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையான அக்கறையோடு கேட்பது போலவே கேட்டார். மேலே அந்த ஆள் என் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது படிக்கட்டு வரை கேட்டது.

மறுநாள் சிறியதையாவது வாங்கலாம் என்று கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். "அது அப்பவே வித்துப்போட்டன் தங்கச்சி" என்றார் திருத்துகிறவர்.

போன மாதம் புசல்லாவையில் எங்கள் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணம். அண்ணனின் குழுதான். அம்மாவோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலம் மண்டப வாசலுக்கு வந்துவிட்டது, பாட்டு தொடங்கவில்லை. மேடையில் அந்த ஆள், நம்பரை மறந்தவர் போல, பொத்தான்களை அழுத்தி அழுத்தித் தேடுவது தெரிந்தது. அண்ணன் இறங்கி என்னிடம் வந்து குனிந்தார்.

"அந்த மணிச் சத்தம் எந்த நம்பர்ல இருக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார், எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

"இருபத்தி மூணு" என்றேன்.

அண்ணன் தலையைக்கூட ஆட்டாமல் மேடைக்கு விரைந்தார். மணி ஒலித்தது. மண்டபமே கைதட்டியது. பக்கத்தில் இருந்த அத்தை என் முழங்கையைத் தொட்டு, "ஒங்க அண்ணே நல்ல ஆளாத்தான் பிடிச்சிருக்கான், என்னமா வாசிக்கிறாரு" என்றார்.

"ஆமா அத்தே" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.