கிட்டங்கிச் சுவரில் ஒரு வால்

என் தந்தை கனகசுந்தரம் வள்ளங்களுக்குப் பெயரும் இலக்கமும் எழுதியவர். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் அவர் கை படாத வள்ளம் குறைவு. 1998 நவம்பரில், அடைமழை நாளொன்றில், மாரடைப்பால் இறந்தார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் திமிங்கிலத்தைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

1986இல் நிலாவெளிப் பக்கம் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. நாற்றத்துக்குப் பயந்து சனம் தூர நின்று பார்த்தது. அப்பா கயிற்றோடு கிட்டப் போனார். அவரிடம் அளவு நாடா கிடையாது. கடற்காரர் ஆழம் அளப்பதுபோல இரு கைகளையும் விரித்து அளந்தார். ஒரு கைவிரல் நுனியிலிருந்து மறு கைவிரல் நுனிவரை ஒரு பாகம். பாகத்துக்கு ஒரு முடிச்சு. வாயிலிருந்து வால்வரை பதினான்கு பாகம். மூன்று முறை குளித்தும் அன்று அம்மா அவரைச் சாப்பிடக் குசினிக்குள் விடவில்லை.

கடற்கரை மைதானத்தின் ஒரு பக்கம், முன்பு கருவாடு அடுக்கி வைத்து இப்போது மூடிக் கிடந்த கிட்டங்கியின் நீளச் சுவர். அதில் அந்தக் கயிற்றையே பிடித்துக் கோடு போட்டு, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ரால் திமிங்கிலத்தை முழு அளவில் வரைந்தார். தாடைக்குக் கீழே நெடுக ஓடும் வரிகளுக்கு மட்டும் நாலு நாள் எடுத்தார்.

கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் அந்த மைதானத்தில்தான் மேயும். உதைபந்தாட்டத்தின் நடுவே மான் புகுந்தால் நடுவர் விசில் ஊதுவார். மானில் பட்டுப் போன பந்து கோல் இல்லை; அது எங்கள் ஊர்ச் சட்டம். சுவருக்கு முன்னால்தான் கோல் கம்பம். பெனால்டி பழகுபவர்கள் திமிங்கிலத்தின் கண்ணுக்குக் குறி வைத்து அடிப்பார்கள். கண் தேய்ந்ததும் அப்பா புதிதாய் எழுதிவிடுவார்.

1988இல் நான் தொழில்நுட்பக் கல்லூரி மாணவன். நில அளவை படித்தேன். ஒரு சனிக்கிழமை வகுப்புத் தோழர் இருவரோடு மைதானத்துத் தேநீர்க் கடையில் இருந்தேன். அப்பாவும் இருந்தார். உதைபந்துக் கழகத்தை நடத்திய முத்தலிப் காக்கா வழமைபோல அவரைச் சீண்டினார்.

“கனகண்ணே, உங்கட மீன்ட வால் அக்கரையில மூதூரில போய் முடியுது போல.”

“அளந்துதான் கீறினனான். பதினாலு பாகம்.”

“உங்கட கை என்ன, தென்னை மட்டையோ?”

கடை சிரித்தது. அப்பாவும் சிரித்தார். முத்தலிப் காக்கா என் பக்கம் திரும்பினார்.

“இந்தா படிச்சவன் இருக்கிறான். தம்பி, நீ சொல்லு. இவ்வளவு நீளத்தில கடலில ஒண்டு இருக்கோ?”

அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கலக்கம் இல்லை. நான் அவர் பக்கம் என்று நம்பியிருந்தார்.

நூலகத்தில் ஒரு பக்கம் வாசித்திருந்தேன். சதுரத் தலைத் திமிங்கிலம், அறுபது அடி. கையை விரித்து அளக்கிறவரின் மகன் என்று தோழர்கள் முன்னால் இருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

“அறுபதடிக்கு மேல வராது,” என்றேன். “கையால அளந்தா அப்பிடித்தான்.”

அப்பா தேநீரைக் குடித்து முடித்தார். மறுநாள் காலை என்னிடம் வந்தார்.

“தம்பி, உன்ர இரும்பு நாடாவை ஒருக்காத் தா.”

தலையிலிருந்து அறுபது அடி அளந்து, மிச்சத்தைச் சுண்ணாம்பால் மூடினார். உடம்பு இன்னும் தடித்திருந்த அந்த இடத்திலேயே ஒரு சின்ன வாலை வரைந்து ஒட்டினார். திமிங்கிலம் வெட்டி வைத்த மீன்துண்டுபோல ஆனது. நாடாவைத் துடைத்துத் திருப்பித் தந்தார். வீட்டில் அதைப் பற்றிக் கதையே இல்லை.

சுண்ணாம்பு மழைக்கு நிற்காது. அடியில் இருந்தது வள்ளப் பெயின்ற். ஒவ்வொரு மாரியிலும் பழைய வால் வெளியே வரும். தைப்பொங்கல் சுற்றுப்போட்டிக்கு முன் அப்பா ஏணியோடு போய் அதை மூடுவார். மகன் பிழை என்று சொன்ன வால் சுவரில் தெரியக்கூடாது அவருக்கு.

1991இல் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தன். வேலையாகக் கொழும்புக்குப் போனபோது ஒரு படப் புத்தகத்தைப் புரட்டினேன். நீலத் திமிங்கிலம். எண்பது அடி, தொண்ணூறு அடி. தாடைக்குக் கீழே நெடுக வரிகள். சதுரத் தலை உள்ளதற்கு அந்த வரிகள் இல்லை. நான் வாசித்த பக்கமே வேறு. அப்பா கண்டதைக் கண்டபடி வரைந்திருந்தார். ஐந்து வருடமாக நான் அதைப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த பொங்கல்கள் ஏழு. ஏழு முறையும் ஏணியைப் பிடித்தவன் நான். சொல்ல ஒரு நிமிடம் போதும். ஊரடங்கு வந்தது, சோதனைச் சாவடி வந்தது, ஊரில் அதைவிடப் பெரிய விடயங்கள் நடந்தன. அவற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கடைசி இரண்டு வருடம் அவர் மூச்சு வாங்க ஏணியில் நின்றுதான் பூசினார். “வடிவா மூடியிட்டுதோ, தம்பி?” என்று மேலிருந்து கேட்பார். “ஓம்” என்பேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து அவருடைய தூரிகைப் பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்தக் கயிறு. பதினான்கு பாகத்து முடிச்சுகளும் அவிழாமல் இருந்தன. இரும்பு நாடாவால் அளந்தேன். எண்பது அடி ஆறு அங்குலம்.

ஜனவரி முதல் கிழமை முத்தலிப் காக்கா சுண்ணாம்பு வாளியோடு வீட்டுக்கு வந்தார்.

“வால் வெளிய வந்திட்டுது, தம்பி. அப்பா இல்லை. இந்த முறை நீதான் மூட வேணும்.”

“மூட ஏலாது, காக்கா. அந்த வால் சரி. அப்பாட அளவு சரி. நான்தான் பிழை சொன்னனான்.”

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

“எப்பயிருந்து தெரியும் உனக்கு?”

“ஏழு வருசம்.”

அவர் சுவரோரம் சாய்ந்திருந்த அப்பாவின் ஏணியைப் பார்த்தார்.

“ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாயே,” என்றார்.

வாளியை எடுக்காமலே போய்விட்டார். அந்தத் தைப்பொங்கலுக்கு மைதானத்தில் திமிங்கிலத்துக்கு இரண்டு வால்கள் இருந்தன. பார்த்தவர்கள் சிரித்தார்கள். எது சரியானது என்று கேட்ட எல்லோருக்கும் சொன்னேன். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் அப்போது இல்லை.