தெருமுனை வரை கேட்ட செட்

சுசீந்திரத்துக்குக் கிழக்கே வயலுக்கு நடுவில் கிடக்கிற ஒரு சின்ன ஊர் சிவதாணுவுக்கு. இரண்டு போகம் விளைகிற நிலம், நெல் நிறைந்த பத்தாயம், ஒன்றுக்கும் குறைவில்லை. மனைவி நாகம்மை காலமாகிவிட்டாள். ஒரே மகளைத் திருவட்டாற்றில் கட்டிக்கொடுத்தாயிற்று. அந்தியானால் வீடு மனுஷரைத் தின்ன வரும். சோறு உண்ண உட்கார்ந்தால் தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்கிறதே என்று அவருக்கு வெறுத்துப்போகும்.

அந்த ஊரில் யாரிடமும் ரேடியோ இல்லை. ஒன்று வாங்கி வைத்தால் நாலு பேர் வருவார்கள், வந்தால் பேசுவார்கள் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனார். ஊருக்குக் கரண்ட் வராததால், பழைய ரேடியோ செட் விற்கிற ஜெயசிங் மோட்டார் கார் பேட்டரியில் பாடுகிற இரண்டை எடுத்து வைத்தார்.

"சின்னத எடும் அண்ணாச்சி. சிலோன் ஸ்டேஷன் தெளிவா கேக்கும். பெரிசுல சத்தம் உண்டு, ஆனா வால்வு பழசு, ஒரே இரைச்சல். நான் மறைக்கமாட்டேன்."

சிவதாணு செட்டின் பக்கம் காதைக் கொண்டுபோகவே இல்லை. ஊரில் இசக்கியம்மன் கோவில் கொடைவிழாவுக்கு ஒலிபெருக்கி பேசி அமர்த்துகிறவர் அவர்தான். அதைப் பந்தலில் நின்று சோதிக்கிற வழக்கம் கிடையாது. அடுத்த ஊர் வரப்பில் போய் நிற்பார்கள். அங்கே வில்லுப்பாட்டு கேட்டால் அது நல்ல செட். அதே புத்தியில், "பாட விடும், வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். சின்னது நாலு கடை தாண்டுவதற்குள் அடங்கிவிட்டது. பெரியது பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தது.

"பெரிசையே கெட்டும்."

"வீட்டுக்குள்ள இருந்து கேக்கதுக்குத்தானே அண்ணாச்சி?"

"நான் கேட்டு என்ன செய்ய? தெருவுல போறவனுக்குக் கேக்கணும்."

கேட்டது. இரண்டு தென்னைக்கு நடுவில் ஏரியல் கம்பி கட்டிய அன்றைக்கே முற்றம் நிறைந்துவிட்டது. பக்கத்து வயல்காரன் சுயம்புதான் முதலில் வந்தான். திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேருவோமா மாட்டோமா என்று ஊரே அடித்துக்கொண்ட காலம். செய்தியை யாரும் விடுவதாக இல்லை. சிவதாணு கருப்பட்டிக் காப்பி போட்டு எல்லோருக்கும் ஊற்றினார். அவருக்கு மனசு நிறைந்து கண்கூடக் கலங்கியது.

ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து சொல்லைப் பொறுக்கவேண்டி எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருமினவனைக்கூட முறைத்தார்கள். சிவதாணு வாயைத் திறந்தால், "செத்த பொறும் அண்ணாச்சி, முடியட்டும்" என்பான் சுயம்பு. முடிந்ததும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். சின்ன செட்டாக இருந்தால் கேட்டுக்கொண்டே நாலு வார்த்தை பேசியிருக்கலாம் என்று அவருக்குப் பிறகுதான் உறைத்தது. இத்தனை பேருக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் அவரே யாருக்கும் தெரியாமல் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டார்.

"செட்டு பாடல்ல. இருங்க, காப்பி போடுதேன். பேசிட்டு இருப்போம்."

"நாளைக்குச் சரியாயிருமா அண்ணாச்சி?" என்று எழுந்தான் சுயம்பு. அவனுக்குப் பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். அடுப்பில் காப்பி பொங்குவதற்குள் முற்றத்தில் ஒரு ஆள் இல்லை.

சிவதாணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செட்டைத் தூக்கிக் கிணற்றில் போடத்தான் முற்றத்தை ஒட்டிய பட்டாசல் கூடத்துக்குள் போனார். அங்கே நிற்க நிற்க வீட்டின் நிசப்தம் பயமாக இருந்தது. அவசர அவசரமாக வயரை மாட்டி, சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டார்.

போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர் காப்பியை எடுத்துக்கொண்டு வந்து தம்ளர்களை வைத்தார்.

"சத்தம் காட்டாம ஊத்தும் அண்ணாச்சி" என்றான் சுயம்பு, செட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிவதாணு சத்தம் காட்டாமல் ஊற்றினார்.