கேட்சர் இல்லாத மில்பரோ அணி

லண்டன் எட்மண்டனில் பேஸ்போலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே யாழ்ப்பாணத்தான் பஸ்தியாம்பிள்ளைதான். ஒரு ஆட்டம்கூட அவர் பார்த்ததில்லை. அதனால் என்ன? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லே என்ற பந்தடி விளையாடியவர்.

"தடியால அடிச்சுப்போட்டுச் சுத்தி ஓடுறதுதானே. எங்கட எல்லேக்குத் தொப்பி போட்டுவிட்டால் பேஸ்போல்" என்பார். வேலை செய்யும் பார்சல் டிப்போவில் மற்றவர்கள் கிரிக்கெட் பேசும்போது குறுக்கே இதைச் சொல்வதால், அவரோடு தேநீர் குடிக்க ஆள் குறைவு.

எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிறு, பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பழைய சாமான் சந்தைக்குப் போய், ஒரு பிஸ்கட் தகரத்தோடு திரும்பினார். உள்ளே ஐம்பதுகளில் அச்சடித்த அட்டைகள். மில்பரோ என்ற அமெரிக்க அணியின் ஆட்டக்காரர்கள், அட்டைக்கு ஒருவராகச் சிரித்தார்கள். பந்தெறியும் பிட்சர் மட்டும் இரண்டு அட்டைகளில். பந்தைக் குந்தியிருந்து பிடிக்கும் கேட்சரைக் காணவில்லை.

"பாரும் திரேசம்மா, இந்த மனிசன் முப்பது வருசத்துக்கு மேல எறியிறான். பிடிக்க ஆளில்லை."

"பெத்த பிள்ளையளின்ர பிறந்தநாள் தெரியாது. உந்த வெள்ளையன்ர நிறை உயரம் எல்லாம் பாடம்" என்றார் மனைவி.

மூன்று வருடம் தேடினார். கடைசியில், தேவாலய மண்டபமொன்றில் அட்டை சேர்ப்பவர்கள் கூடிய இடத்தில், பெர்சி என்ற கிழவரிடம் கேட்சர் இருந்தார். பெர்சிக்குத் தேவை பிட்சர். அடுத்த சனிக்கிழமை மாற்றிக்கொள்வதென்று கைகொடுத்தார்கள்.

இங்கேதான் பஸ்தியாம்பிள்ளையின் பெருந்தன்மை குறுக்கிட்டது. நல்ல பொருளை ஒருவருக்கு அம்மணமாகவா கொடுப்பது? அவர் வீட்டில் மதிப்புள்ளது எதுவும் லமினேட் அடிக்காமல் கிடந்ததில்லை. பிறப்புச் சான்றிதழ், அகதி அந்தஸ்துக் கடிதம், அந்தோனியார் படம், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள். தப்பியவர் திரேசம்மா ஒருவர்தான்.

வெம்பிளியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த கணேசலிங்கம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணை, இதுக்குமோ?"

"ஓம். இவருக்கு மட்டுமில்லை, தகரத்தில இருக்கிற எல்லாருக்கும் அடி."

"சூட்டில ஆள் நெளியிறார் அண்ணை."

"பந்தெறியிறவன் நெளியத்தான் வேணும். நீ அடி."

சனிக்கிழமை பெர்சி அட்டையைக் கையில் வாங்கி, பிணத்தை அடையாளம் காட்ட வந்தவர்போல நின்றார். பிளாஸ்டிக் ஒட்டிய அட்டையைச் சேர்ப்பவர்கள் ஒருவரும் இனித் தொடமாட்டார்கள், கொன்றுவிட்டாய் என்றார். பஸ்தியாம்பிள்ளைக்கு விளங்கவில்லை. பழுதாகாமல் இருக்கச் செய்ததல்லவா? கொஞ்சம் யோசித்து, தன் ஆங்கிலத்தில் ஒரு நியாயமான வழி சொன்னார்: "உங்கட கேட்சரையும் தாங்கோ, லமினேட் அடிச்சுக்கொண்டு வாறன். பிறகு ரெண்டும் சரிசமன்தானே?"

பெர்சி கேட்சரை உள்சட்டைப்பையில் போட்டு, பொத்தானையும் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸின் மேல்தட்டில் பஸ்தியாம்பிள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் வெளிச்சம் பட்டு, பிட்சரின் முகமே தெரியவில்லை. சரித்துப் பிடித்தார். தெரிந்தது. மனிதர் இன்னும் எறிந்துகொண்டுதான் இருந்தார்.

இப்போது மில்பரோ அணி முன்னறைச் சுவரில், அந்தோனியாருக்குக் கீழே தொங்குகிறது. கேட்சரின் இடத்தில், அகதி விண்ணப்பத்தோடு ஹோம் ஒஃபிசுக்கு அனுப்பவென்று அவர் எடுத்து மிஞ்சிய கறுப்பு வெள்ளைப் படமொன்று. மீசையோடு, கண்ணைச் சிமிட்டாமல், நேரே பார்க்கிறது. அதற்கும் லமினேட் அடித்தாயிற்று.

வீட்டுக்கு வருபவர்களுக்குத் திரேசம்மாதான் விளக்கம் சொல்கிறார்.

"மற்ற எல்லாரும் வடிவா விளையாடீனம். அந்தக் கடைசி ஆள் மட்டும் பந்தை விட்டிட்டு முழிக்குது."