ராட்சதன் பக்கத்தில் ஓர் ஆள்

சாதிக்கைப் பார்க்கும் எவரும் அவரைக் கள்ளன் என்று நினைக்க மாட்டார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் குழம்பு ஊற்றுகிறவர். மீன் குழம்பையும் கோழிக் குழம்பையும் கலந்து அவர் கையால் ஊற்றினால்தான் சிலருக்குச் சோறு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் கலைந்ததும் கை கழுவிவிட்டுக் கடை மாடிக்கு ஏறி வருவார். அங்கே எங்கள் மேசையில்தான் அவர் கள்ளன்.

நாங்கள் ஆடுவது கதை விளையாட்டு. கட்டம் போட்ட விரிப்பு, அதன்மேல் ஆளுக்கொரு காய், பகடைகள். பூதங்களையும் ராட்சதர்களையும் நான் நடத்துவேன். மற்றவர்கள் அவற்றோடு சண்டை போடுவார்கள். விதியில் தகராறு வந்தால் என் பேச்சுதான் கடைசி. நான் வேலை பார்க்கும் பாயான் பாரு தொழிற்சாலையில் என் பேச்சை ஒருவரும் மதிப்பதில்லை என்பதால் இந்தப் பதவியை நான் லேசில் விடுவதாக இல்லை.

சேர்ந்த புதிதில் சாதிக் என் பொறுமையைச் சோதித்தார். கள்ளனின் பலமே ‘ஸ்னீக் அட்டாக்’ என்ற பதுங்கித் தாக்குதல்தான். சாதாரணக் குத்துக்கு ஒரு பகடை என்றால் இதற்குக் கை நிறையப் பகடை. பெயரைக் கேட்டுவிட்டு, ஒளிந்தால்தான் அது பலிக்கும் என்று அவராக முடிவு செய்துகொண்டார். தூணுக்குப் பின்னால் போய்ப் பதுங்குவார். சண்டையே முடிந்துவிடும், இவர் வெளியே வந்திருக்க மாட்டார்.

எங்கள் படைவீரர் அய்யாக்கண்ணு. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வருவார். ஒருநாள் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏன் தம்பி சும்மா சும்மா ஒளியற? நான் பூதத்துப் பக்கத்துல நிக்கிறேன்லா. அது என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். நீ வந்து குத்து.”

“அது போதுமாண்ணே?”

போதும் என்றேன். எதிரியை ஒட்டிய கட்டத்தில் நம் ஆள் ஒருவர் மயங்கி விழாமல் நிற்க வேண்டும். கள்ளன் கையில் இருப்பது மெல்லிய கத்தியாகவோ அம்பாகவோ இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

அதன்பிறகு அண்ணன் முன்னால் நின்று அடி வாங்குவார், தம்பி குத்துவார். சாதிக் பகடைகளை அள்ளும்போதெல்லாம், கடையில் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்வதைப் போல, “பஞ்சிர் போடு!” என்று அய்யாக்கண்ணு கத்துவார்.

போன வருஷம் அய்யாக்கண்ணு நெஞ்சு வலியில் இறந்துபோனார். துக்க வீட்டில் சாதிக் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

வராதவரின் காயை ஒதுக்கி வைக்காமல், பக்கத்தில் இருப்பவர் நகர்த்துவது எங்கள் வழக்கம். அய்யாக்கண்ணுவின் காய் சாதிக்கின் கைக்கு வந்தது. அவரோ அதை ஒவ்வொரு சண்டையிலும் பின்னால் சுவரோரமாக நிறுத்தினார். விழுந்துவிட்டால் அண்ணன் இரண்டாவது தடவையும் போய்விடுவாரே என்ற பயம். தனியாகப் போய் ஒற்றைப் பகடையால் குத்தினார். எங்கள் அணி தோற்றுக்கொண்டே வந்தது. எனக்கு எரிச்சல்தான், ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யாக்கண்ணுவின் மனைவி காமினி, கணவரின் பகடைகளைக் கொடுத்துவிட்டுப் போக வந்தார். விரிப்பில் ராட்சதன் எங்கள் ஆட்களைத் துவைத்துக்கொண்டிருந்தான். சாதிக்கின் தங்கை ரொஸ்னாதான் எங்கள் மந்திரக்காரி. அவளிடம் ஒரே ஒரு தீப்பந்துதான் மிச்சம்.

“அவரு காய் எது?” என்று காமினி கேட்டார். சுவரோரத்தைக் காட்டினோம்.

“ஏன் அங்க நிக்கிறாரு?”

சாதிக் தலை நிமிரவில்லை. “முன்னாடி வச்சா விழுந்துருவாரு, அண்ணி.”

“விழட்டும் தம்பி. உங்கண்ணன் என்னைக்கு ஓரமா நின்னாரு? நீங்க வேற யாரையோ நிக்க வச்சிருக்கீங்க.”

காமினியே காயை எடுத்து ராட்சதனை ஒட்டி வைத்தார். ஆள் இல்லாத காய்க்கும் அந்த விதி செல்லுமா என்று ரொஸ்னா என்னைப் பார்த்தாள். நிற்கிற காய்தானே, செல்லும் என்றேன்.

சாதிக் குத்தினார். கை நிறையப் பகடை விழுந்தது. யாரும் கத்தவில்லை. ராட்சதன் தள்ளாடினான், சாகவில்லை. அடுத்த முறை அவனுடையது. எப்போதும்போல் மறைவில் போடாமல், எல்லார் கண்முன்னாலும் பகடை போட்டேன். படைவீரர் விழுந்தார். எழுப்ப அவர்களிடம் மந்திரம் இல்லை. ரொஸ்னாவின் தீப்பந்து ராட்சதனை முடித்தது.

காமினி காயை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். அப்போதுதான் சாதிக் அழுதார். குழம்பு வாசம் போகாத கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

அடுத்த வாரம் சாதிக் கேடயம் பிடித்த புதுக் காயோடு வந்தார். கள்ளனைக் காமினியிடம் கொடுத்துவிட்டார். காமினி கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து, விரிப்பில் வந்த பூதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுலா. போய் ஒளிஞ்சுக்கவா?”

சாதிக் தன் காயைப் பூதத்தை ஒட்டி வைத்தார்.

“எதுக்கு அண்ணி ஒளியணும்? நான் நிக்கிறேன்ல. நீங்க வந்து குத்துங்க.”