பக்கம் நாற்பத்தொன்றின் அடிக்குறிப்பு

அரசு அச்சகத்தில் அவரை எல்லோரும் கமா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர். தப்புகள் அவரைக் கண்டால் தாமாகவே எழுந்து நிற்கும் என்பார்கள். காலியாகவிருந்த தலைமைத் திருத்துநர் நாற்காலி அவருக்குத்தான் என்றும் பேச்சு.

அந்த வருடம் தேர்தல் வாசலில் நின்றது. பேருந்துக் கட்டணத்தை அரசு இரண்டு வருடம் முன்பே பாதியாக்கியிருந்தது. நஷ்டத்தை ஈடுகட்டப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரில் கடன். அசலும் வட்டியும் கட்டுவது அரசு.

பட்ஜெட் புத்தகத்தை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பில் விரல் ஓட்டுவார். கமா அக்கா போன வருடப் புத்தகத்தையும் மடியில் விரித்துக்கொள்வார். போன வருடக் கடைசியில் நின்ற கடன்தானே இந்த வருடத் தொடக்கத்திலும் நிற்க வேண்டும்? பக்கம் நாற்பத்தொன்றில் இரண்டும் ஒட்டவில்லை. மருந்து மாத்திரை இல்லாமலே கடன் ஐந்தில் ஒரு பங்கு இளைத்திருந்தது. போன வருடம் கழகத்தின் கடனைக் காட்டிய வரியையே காணோம்.

கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். நிதித்துறை அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏம்மா, மூலத்துல இருக்கிறது மெய்ப்புல இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? உங்க வேலை எழுத்துப்பிழை பாக்குறது."

"ஒரு கமா விட்டுப்போனா மெமோ குடுக்குறீங்க. இவ்வளவு பெரிய கடன் விட்டுப்போயிருக்கு, பாத்துட்டுச் சும்மா இருக்கவா?"

"அது இப்ப கழகத்தோட கடன்மா."

"கட்டப்போறது யாரு?"

அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். "தேர்தல் நேரம். மேலிடத்து முடிவு."

"முழுப் பூசணிக்காய மறைக்கணும்னா சோறாவது நிறைய வேணும் சார். இங்க சோறே கடன்ல வாங்கினது."

இயந்திரக்காரர்கள் சிரிப்பை மென்று விழுங்கினார்கள். திருத்துநர் கையெழுத்தில்லாத தாளை அவர்கள் அச்சில் ஏற்ற மாட்டார்கள், விதி அப்படி.

"வேணும்னா நீங்களே போட்டுடுங்க," என்று அக்கா பேனாவை நீட்டினார்.

அதிகாரி வாங்கினார். மூடியைத் திறந்தார். மூடினார். வெளியே போய் நெடுநேரம் தொலைபேசியில் பேசிவிட்டு, ஓர் அடிக்குறிப்போடு திரும்பினார்: கழகத்தின் கடனை அரசே செலுத்தும், தொகை இவ்வளவு. எறும்பு எழுத்தில் போடச் சொன்னார். அக்கா அதை இரண்டு முறை உரக்கப் படிக்கவைத்துக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

மறுவாரமே நாற்காலி வேறொருவருக்குப் போனது. அக்காவுக்குக் காகிதக் கிடங்கு. உத்தரவை நீட்டிய மேலாளருக்கு முகம் வாடியிருந்தது.

"ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துடும்மா. நான் பேசிப் பாக்குறேன்."

"குடுத்தா அடிக்குறிப்ப எடுத்துருவாங்களா?"

"புத்தகமே சபைக்குப் போயிடுச்சு. இனிமே எங்க எடுக்கிறது?"

"அப்ப மன்னிப்பு எதுக்கு சார்?" அக்கா உத்தரவை வாங்கிக்கொண்டார். "கிடங்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"