கை நனைத்தாரா, இல்லையா?

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு. வைத்திருக்கக் கூடாதுதான். ராயபுரத்தில் எங்கள் ஜனங்களிடையே, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பியும் பலகாரமும் கொடுப்பதோடு சரி. சம்பந்தம் முடிவானால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் அப்புறம் பின்வாங்கக் கூடாது. ஆனால் அம்மாவுக்கு அன்று காலையில் காசிமேட்டு நண்டு கொழுகொழுவென்று கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை நாளைக்கும் வருவான், இந்த நண்டு வருமா என்று அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. எண்ணூரிலிருந்து வந்த தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். மாப்பிள்ளை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். தலையைக் குனிந்தபடி காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். எனக்குப் பிடித்துவிட்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிடித்தது, அவ்வளவுதான். மாமாவின் கவனம் என் மேலும் இல்லை, பலகாரத்தின் மேலும் இல்லை. மூக்கு அடுப்படிக்குப் போய்விட்டது. சும்மா உப்பு பார்க்கிறேன் என்று ஒரு நண்டு கேட்டார். அப்புறம் காரம் பார்க்க ஒன்று. உப்பும் காரமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இன்னொன்று. சட்டியின் அடி தெரிந்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு, சேதி அனுப்புவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், கை நனைத்துவிட்டார்கள் என்று.

சேதி வந்தது, வேறு மாதிரி. திருவொற்றியூரில் இன்னும் வசதியான இடம் வந்திருக்கிறதாம். எங்கள் வீட்டில்தான் அவர்கள் கை நனைக்கவில்லையே, அதனால் யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாமாம். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டுப்போன பெண் என்று பேர் விழுந்தால் அப்புறம் எவன் படியேறுவான்? எனக்கு அந்தப் பேர்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மனிதரை இன்னொருத்தி கொண்டுபோவாளே என்றுதான் வயிறு எரிந்தது.

அதன்பின் தெருவே கோர்ட்டாகிவிட்டது. மீன் விற்கும் அத்தை, உப்புப் போட்ட எதைத் தின்றாலும் கை நனைத்ததுதான் என்றாள். அப்படியானால் வறுத்த கடலை என்று யாரோ கேட்டார்கள். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, அதில் ஈரமில்லை என்றாள். அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். எதையும் நேராகத் தூக்கி நேராக இறக்குவார். அம்மா செம்பால் தண்ணீர் ஊற்றினாளா, ஊற்றினாள். கை நனைந்ததா, நனைந்தது. இதற்குமேல் என்ன வழக்கு என்றார். மாதா கோயில் உபதேசியார் அதை ஒப்பவில்லை. கழுவுவது வேறு, நனைப்பது வேறு; ஆண்டவரைச் சிலுவைக்கு அனுப்பிய தேசாதிபதியும்தான் கை கழுவினான், அவன் என்ன சம்பந்தமா பேசினான் என்று கேட்டார். அப்பா அந்த வாரம் பூசைக்குப் போகவில்லை.

பேச்சு எண்ணூர் வரைக்கும் எட்டிவிட்டது. தன் வாக்கு சுத்தம் என்று காட்டுவதற்காக மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். குடிக்கத் தண்ணீர்கூட வேண்டாமென்றுவிட்டார். அதையும் யாராவது கணக்கில் சேர்த்துவிட்டால்?

"சோறு துன்னாத்தான் கை நனைக்கிறது. நான் துன்னது நண்டு" என்றார் மாமா.

கை நனைப்பது என்ற பேச்சே சோற்றுக் கைக்கு மட்டும் உள்ளது, நண்டை இரண்டு கையாலும் உடைக்க வேண்டியிருப்பதால் அது சாப்பாட்டில் சேராது என்று விளக்கம் வேறு. அப்பாவுக்கு மீசை துடித்தது. வாசலில் கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அவர்களையெல்லாம் விளக்குமாற்றால் பெருக்கித் தள்ள வேண்டும் போலிருந்தது.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"அத்தே, சோறு கீதா?"

அம்மா கரண்டியை எடுத்தாள், திரும்ப வைத்தாள். போட்டால் மாமாவுக்கு அவமானம், போடாவிட்டால் கேட்டவருக்கு. நான் யாரையும் கேட்கவில்லை. தட்டை வைத்துச் சோற்றைப் போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினேன். அவசரத்தில் கொஞ்சம் தரையில் கொட்டியது. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, விரலெல்லாம் குழம்பாகப் பிசைந்து, தெருவே பார்க்கச் சாப்பிட்டார். மறுசோறு கேட்டார். போட்டேன். அதுவும் மெதுவாக இறங்கியது.

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"பையன் பசியில துன்றான். அதெல்லாம் கணக்குல வராது."

மாப்பிள்ளை வாயிலிருந்த கவளத்தைச் சிரமப்பட்டு விழுங்கினார்.

"பசி இல்ல மாமா. கெளம்பறப்பவே வூட்ல வயிறு முட்டத் துன்னுட்டுத்தான் வந்தேன்."

கையில் கரண்டியோடு நான் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.